எவருக்கு இயல்பு?
மெய்நிகர்ச் சூழல்களின் இடைமுகங்களை அளந்தறிதல்



ஒரே ஒரு சொல்லை ஆராய்வதற்கு இந்த உரையைப் பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறேன். 'இயல்பு' என்பது அந்தச் சொல். விசைப்பலகை வேண்டாம், மவுஸ் வேண்டாம். கையை நீட்டினால் பொருள் கைக்கு வரும், பார்த்தால் பட்டியல் திறக்கும், சொன்னால் வேலை நடக்கும் என்ற உறுதியோடு வருகிற கருவிகளை இயல்பான இடைமுகங்கள் என்று அழைக்கிறோம். ஹெட்செட் அணிந்து நாம் நுழைகிற மெய்நிகர்ச் சூழல்களில் இந்த உறுதி இன்னும் உரக்க ஒலிக்கிறது. அங்கே மேசை கண்ணுக்குத் தெரியாது, மேசைமேல் இருக்கும் விசைப்பலகையும் தெரியாது. கூடவே வருவது நம் உடல் ஒன்றுதான். ஆகவே உடலே கருவியாகட்டும் என்பது நியாயமான கோரிக்கையாகத்தான் படுகிறது.

அந்தக் கோரிக்கையை நான் எதிர்க்க வரவில்லை. அது சோதிக்கப்படாமலேயே ஏற்கப்பட்டுவிடுகிறது என்பதுதான் என் கவலை. ஒரு கருவிக்கு 'இயல்பானது' என்று பெயர் சூட்டிவிட்டால், அதைக் கையாள முடியாமல் தடுமாறுகிறவர்மேல் குறை போய் விழுகிறது. எல்லோருக்கும் இயல்பாக வருவது உனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்ற கேள்வி, சொல்லாமலே அவரைக் குத்துகிறது. இயல்பு என்பது தொழிற்சாலையில் கருவிக்குள் வைத்து அனுப்பப்படும் பண்பு என்று நான் கருதவில்லை. இன்ன மனிதர், இன்ன வேலையை, இன்ன இடத்தில், இவ்வளவு நேரம் செய்து பார்த்த பிறகு அவருக்கும் கருவிக்கும் இடையே விளைவது அது. விளைச்சலை அறுவடைக்குப் பிறகுதான் அளக்க முடியும். இந்த ஒரு கருத்தைச் சான்றுகளோடு நிறுவ முயல்கிறேன்.

உறுதிமொழியின் வரலாறு

1965இல் ஐவன் சதர்லாண்ட் எழுதிய ஒரு சிறு கட்டுரை, கணினி தன் ஆற்றலால் ஒரு அறைக்குள் பொருள்களின் இருப்பையே ஆளக்கூடிய இறுதிக் காட்சிக்கருவியைக் கற்பனை செய்தது. 1968இல் அவர் செய்து காட்டிய தலைக்கருவி கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கையில் தொங்கியது. உள்ளே தெரிந்தவை வெறும் கோட்டு உருவங்கள். ஆனாலும் தலையைத் திருப்பினால் காட்சியும் அதற்கேற்பத் திரும்பியது. தலை திருப்புவதைக் கட்டளையாகக் கொள்ள எவருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. மெய்நிகர்த் தொழில்நுட்பம் கொண்டுவந்த முதல் இயல்பான இடைமுகம் என்று இதையே சொல்லலாம். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதைவிட உறுதியாக நிற்கும் இன்னொன்று வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1980இல் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் போல்ட் செய்து காட்டிய ஏற்பாடு அடுத்த படி. நாற்காலியில் அமர்ந்த ஒருவர், சுவரளவுத் திரையை நோக்கிக் கையை நீட்டி, 'அதை அங்கே வை' என்ற பொருள்படப் பேசுவார்; திரையில் இருந்த உருவம் இடம் மாறும். 'அது', 'அங்கே' என்ற சுட்டுச்சொற்களுக்குக் கை பொருள் தந்தது. கை சுட்டியதற்கு வாய் வினை தந்தது. இரண்டில் எதுவும் தனித்து முழுமை பெறவில்லை. தொடர்ந்து 1980களின் பிற்பகுதியில் விரல் அசைவை உணரும் கையுறைகள் வந்தன. 2010 நவம்பரில் வந்த, உடலசைவைக் கேமராவால் உணரும் கினெக்ட், முதல் 60 நாள்களில் 80 லட்சம் விற்றுக் கின்னஸ் சாதனை படைத்தது. 2019இன் இறுதியில் குவெஸ்ட் ஹெட்செட் வெறுங்கையைப் பின்தொடரத் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் ஆப்பிள் விஷன் புரோ கண்ணால் தேர்ந்து விரல் நுனிகளைச் சேர்த்து அழுத்தும் முறையோடு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. கினெக்டோ 2017இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஒருவர் ஆடுவதற்கே கருவியிலிருந்து ஏறத்தாழ 6 அடி தள்ளி நிற்க வேண்டிய அது, பெரிய கூடம் உள்ள வீட்டுக்கு ஒரு விதமாகவும் சிறிய அறை உள்ள வீட்டுக்கு வேறு விதமாகவும் பயன்பட்டிருக்கும். விற்பனை எண்ணிக்கை ஆர்வத்தை அளக்கிறது. வாங்கியவர் ஓராண்டு கழித்தும் அதை எடுத்துப் பயன்படுத்துகிறாரா என்பதை அது சொல்லாது.

அளவுகோல் எதைக் கேட்கிறது

பயன்படுதன்மை என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரு வரையறை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 9241 தரநிலையின் பதினோராம் பகுதி அதைத் தருகிறது. 1998இல் வெளியாகி 2018இல் திருத்தப்பட்ட அந்த ஆவணம், குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட இலக்குகளை, குறிப்பிட்ட பயன்பாட்டுச் சூழலில், எவ்வளவு நிறைவாகவும் எவ்வளவு சிக்கனமாகவும் எவ்வளவு மனநிறைவோடும் அடைகிறார்கள் என்று கேட்கிறது. 'குறிப்பிட்ட' என்ற சொல் அங்கே மூன்று முறை வருவதற்குக் காரணம் உண்டு. பயனரையும் வேலையையும் இடத்தையும் சொல்லாமல் 'இது எளிதானது' என்று சொன்னால், அளவுகோல் இல்லாமல் நீளம் சொன்னது போலாகும். இந்த வரையறையில் 'இயல்பு' என்ற சொல் இல்லை. அது விடுபட்டுப் போன குறையாக எனக்குத் தோன்றவில்லை. இயல்பாக இருந்தால் அது நிறைவிலும் சிக்கனத்திலும் மனநிறைவிலும் வெளிப்பட்டே தீரும். அவற்றில் வெளிப்படாத இயல்பு விளம்பரத்துக்கு மட்டுமே உதவும்.

இந்த மூன்றையும் அளக்கக் கருவிகளும் உண்டு. இலக்கு எவ்வளவு தொலைவில், எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அதற்கேற்பச் சுட்டும் நேரம் கூடும் என்ற விதியை 1954இல் பால் ஃபிட்ஸ் வகுத்தார். மவுஸையும் விரலையும் கண்ட்ரோலரையும் ஒரே தராசில் நிறுக்க இன்றும் அந்த விதிதான் துணை. ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்து வினாக்கள் கொண்ட பயன்படுதன்மைப் பட்டியல், பூச்சியம் முதல் நூறு வரை மதிப்பெண் தருகிறது. நாசாவில் சாண்ட்ரா ஹார்ட்டும் லோவல் ஸ்டேவ்லாண்டும் 1988இல் வெளியிட்ட பணிச்சுமை அளவீடு, மனச்சுமை, உடற்சுமை, நேர நெருக்கடி, செய்து முடித்த திருப்தி, முயற்சி, எரிச்சல் என ஆறு பக்கமாகக் கேட்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மேசைக் கணினிக்காகவோ விமானிக்காகவோ பிறந்தவை. அவற்றை மெய்நிகர்ச் சூழலுக்கு அப்படியே தூக்கிவந்து, பத்து நிமிடம் அணியச் செய்து, ஒரு தாளை நீட்டி மதிப்பெண் வாங்கி வெளியிடுவதோடு மதிப்பீடு முடிந்துவிடாது.

முழு இயல்பும் அரை இயல்பும்

சான்றுகளுக்கு வருகிறேன். முதலில் இயல்புக்குச் சாதகமானது. மெல் ஸ்லேட்டர், மார்ட்டின் உசோ ஆகியோர் அடங்கிய குழு 1999இல் வெளியிட்ட ஆய்வு, மெய்நிகர் அறையில் இடம்பெயர மூன்று வழிகளை ஒப்பிட்டது: உண்மையாகவே நடப்பது, நின்ற இடத்திலேயே நடைபோடுவது, பொத்தானை அழுத்திப் பறந்து செல்வது. நகர்வதன் எளிமையில் உண்மை நடை மற்ற இரண்டையும் தெளிவாக வென்றது. அந்த அறையில் இருக்கிறோம் என்ற உணர்விலும் நடந்தவர்கள் பறந்தவர்களை விஞ்சினார்கள். காலால் நடப்பது போன்ற ஆழமான பழக்கம், கருவி அதை முழுமையாக ஏற்கும்போது, நல்ல பலன் தருகிறது. இதை மறைத்துவிட்டு இயல்பைக் குறை சொல்வது நேர்மையாகாது.

எதிர்ப்புறச் சான்று 2010இல் வந்தது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ரையன் மெக்மஹான், டக் போமன் முதலியோர் ஒரு கார்ப் பந்தய விளையாட்டை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டீயரிங் சக்கரம் போன்ற உறையைக் கையில் பிடித்துத் திருப்பும் முறை ஒரு பக்கம், கட்டைவிரலால் தள்ளும் வழக்கமான கண்ட்ரோலர்கள் மறுபக்கம். கார் ஓட்டுவதற்கு எது இயல்பானது என்று கேட்டால் எவரும் சக்கரத்தையே சொல்வார்கள். ஆனால் விரைவிலும் பிழையின்மையிலும் கட்டைவிரல்தான் வென்றது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. காற்றில் பிடித்த சக்கரத்துக்கு அச்சு இல்லை, அது திரும்பும்போது எதிர்த்து அழுத்துவதும் இல்லை. விரலின் சிறு தசைகள் நுட்பமாகச் செய்வதைத் தோளும் முழங்கையும் பெரிய அசைவால் செய்ய வேண்டியிருக்கிறது. உண்மைச் சக்கரத்தின் உருவம் வந்தது, உண்மைச் சக்கரத்தின் விடை வரவில்லை.

போமனும் மெக்மஹானும் எரிக் ரேகனும் 2012இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து முன்வைத்த வாதம் இந்தத் துறைக்கு ஒரு திருப்பம். இயல்பைக் கூட்டக் கூட்டப் பயன்படுதன்மையும் ஒரே சீராகக் கூடுவதில்லை என்றார்கள். உண்மை உலகை மிக நெருங்கிய முறைகள் நன்றாக இயங்குகின்றன. உண்மை உலகைப் பின்பற்ற முயலாத, ஆனால் தேர்ந்து வடிவமைத்த முறைகளும் நன்றாக இயங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே நிற்கும் அரைகுறை இயல்பு பலமுறை இரண்டையும்விடத் தாழ்ந்துபோகிறது. அரைகுறை இயல்பு பழைய பழக்கத்தை எழுப்பிவிடுகிறது, ஆனால் அந்தப் பழக்கம் எதிர்பார்ப்பதைத் தருவதில்லை. முற்றிலும் புதிய முறையிடம் அத்தகைய எதிர்பார்ப்பே எழாது. 1996இல் ஐவன் பூபிரெவ் குழு வடிவமைத்த 'கோ-கோ' முறையில், கையைக் கொஞ்சம் நீட்டும்வரை மெய்நிகர்க் கை உண்மைக் கையோடு சேர்ந்தே நகரும். அதற்கு மேல் நீட்டினால் பல மடங்கு வளர்ந்து எட்டாத பொருளைத் தொடும். எந்த மனிதருக்கும் இல்லாத கை அது. ஆனால் அருகே உள்ளதில் பழக்கத்தை மதித்து, தொலைவில் உள்ளதில் பழக்கத்தைக் கடந்து செல்கிறது. எங்கே பழக்கத்தைப் பின்பற்றுவது, எங்கே துணிந்து விலகுவது என்று தெரிந்திருப்பதுதான் வடிவமைப்பாளரின் திறமை. அந்த எல்லைக்கோட்டைக் காட்டித் தருவதே மதிப்பீட்டின் கடமை.

காரணமும் இடுகுறியும்

சைகைகளைப் பற்றிச் சிந்திக்கத் தமிழிலக்கணம் நமக்கு ஒரு நல்ல கருவியைக் கொடுத்திருக்கிறது. நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுக்கிறது. மரம் என்பதற்கு ஏன் மரம் என்று கேட்க முடியாது. வழிவழியாக இட்டு வழங்கிய குறி அது. பறவைக்குக் காரணம் உண்டு, பறப்பதால் பறவை. நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள்: நான்கு கால் உடையதால் நாற்காலி. ஆனால் மேசைக்கும் நான்கு கால்தான். அதை நாற்காலி என்பதில்லை. காரணம் இருந்தாலும், எங்கே அந்தக் காரணம் செல்லும், எங்கே செல்லாது என்பதை மரபே வரையறுக்கிறது. இயல்பான இடைமுகங்களின் சைகைகள் எல்லாம் பறவையைப் போன்றவை என்று நம்மிடம் சொல்லப்படுகிறது. உண்மையில் பல மரத்தைப் போன்றவை. எஞ்சியவற்றில் பெரும்பகுதி நாற்காலியைப் போன்றவை.

2016இல் வந்த, தலையில் அணியும் முதல் ஹோலோலென்ஸ் கருவியில் தொடக்கப் பட்டியலைத் திறக்க ஒரு சைகை இருந்தது. உள்ளங்கை மேல்நோக்க, ஐந்து விரல் நுனிகளையும் குவித்து, மலர்வது போல விரிக்க வேண்டும். மொட்டு விரிவதால் பட்டியல் விரிகிறது என்று காரணம் சொல்லலாம். ஆனால் பரதநாட்டியம் பயின்றவருக்கு ஐந்து விரல் குவிந்த கை முகுளம். அதற்கு நாட்டிய நூலான அபிநய தர்ப்பணம் சொல்லும் பயன்பாடுகள் வேறு. நம் ஊர்த் தெருவில் அதே கையை வாயருகே கொண்டுபோனால் சாப்பிட்டாயா என்று பொருள். ஒரே கை வடிவம், மூன்று மரபு, மூன்று பொருள். ஹோலோலென்ஸின் இரண்டாம் பதிப்பு அந்தச் சைகையைக் கைவிட்டு, மணிக்கட்டில் தோன்றும் ஒரு குறியைத் தொடும்படி மாற்றியது. கண்ணுக்குத் தெரியும் குறிக்கு மனப்பாடம் தேவையில்லை. தலையசைப்பும் அப்படித்தான். நம்மிடையே தலையை இருபுறமும் மெல்லச் சாய்த்து ஆட்டுவது இசைவு. அதைப் பார்க்கும் மேலைநாட்டார் பலர் மறுப்பென்றோ தயக்கமென்றோ மயங்குகிறார்கள். உள்ளங்கையைக் கவிழ்த்து விரலசைத்து ஒருவரை அழைக்கிறோம். நிமிர்த்திய கையால் அழைப்பது வேறு நாடுகளின் வழக்கம். அங்கே பயிற்றுவிக்கப்பட்ட கருவி, இங்கே ஒருவர் 'சரி' என்று ஆட்டிய தலையை 'வேண்டாம்' என்று எழுதிக்கொண்டால், பிழை தலையுடையதாகாது.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2009இல் ஜேக்கப் வோப்ராக், மெரிடித் மோரிஸ், ஆண்ட்ரூ வில்சன் மூவரும் தொடுமேசைத் திரைக்கான சைகைகளைப் பொதுமக்களையே உருவாக்கச் சொன்னார்கள். 20 பேர், 27 செயல்கள், மொத்தம் 1,080 சைகைகள். பொருளை நகர்த்துவது போன்ற எளிய செயல்களில் மக்களிடையே ஒற்றுமை மிகுதி. கண்ணுக்குப் புலப்படாத கட்டளைகளில் ஆளுக்கொரு சைகை. வல்லுநர் மூவர் தாமே வகுத்திருந்த சைகைகள், மக்கள் உருவாக்கிய தொகுதியில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத்தான் தொட்டன. தவிர, பலர் தந்த சைகைகளில் மேசைக் கணினியின் சாயல் வெளிப்படையாகத் தெரிந்தது. மக்களுக்கு 'இயல்பாக' வந்ததில் மவுஸ் பழக்கமும் கலந்திருந்தது. பிறவியில் வந்ததையும் பழகி வந்ததையும் மனிதக் கை தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதில்லை.

டொனால்ட் நார்மன் 2010இல், இயல்பான இடைமுகங்கள் இயல்பானவை அல்ல என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். காற்றில் செய்த சைகை தடம் விடுவதில்லை; கருவி அதைத் தவறாகப் புரிந்துகொண்டால், எங்கே பிழைத்தோம் என்று திரும்பிப் பார்க்க ஏதுமில்லை என்பது அவர் சொன்னவற்றில் முதன்மையானது. இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. கையும் கண்ணும் நாள் முழுவதும் சும்மாவும் அசைகின்றன. மூக்கைச் சொறியும் கையையும், வெறுமே எங்கோ பதியும் கண்ணையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் கருவி, தொட்டதெல்லாம் பொன்னாகச் சபிக்கப்பட்ட மைதாஸ் மன்னனின் நிலைக்கு நம்மைக் கொண்டுவிடுகிறது. கண்ணசைவு இடைமுகங்களை ஆராய்ந்த ராபர்ட் ஜேக்கப் 1990களின் தொடக்கத்திலேயே அதற்கு மைதாஸ் சிக்கல் என்று பெயரிட்டார். எனவே செய்யச் சொன்ன வேலை நடந்ததா என்று பார்ப்பது பாதி மதிப்பீடுதான். செய்யச் சொல்லாத வேலை எத்தனை முறை நடந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

உடல் சொல்லும் சாட்சி

காற்றில் கையை உயர்த்தியே வைத்திருந்தால் தோள் வலிக்கும் என்பதைக் கற்றறிய ஆய்வு தேவையில்லை. எவ்வளவு நேரத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு வலிக்கும் என்பதற்கு ஆய்வு தேவை. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகக் குழு 2014இல், தோள் இயக்கத்தின் விசையைக் கேமராவிலிருந்தே கணித்து, கையின் தாங்குதிறன் எவ்வளவு செலவழிந்தது என்று சொல்லும் அளவீட்டை வெளியிட்டது. முழங்கையை மடக்கி, இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே கையை வைத்து இயங்குவது களைப்பை வெகுவாகக் குறைக்கிறது என்பது அதிலிருந்து கிடைத்த நடைமுறை அறிவு. திரைப்படங்களில் நாயகன் இரு கைகளையும் தலைக்கு மேல் வீசித் திரைகளைப் புரட்டும் காட்சி அழகாகத்தான் இருக்கிறது. எட்டு மணி நேர வேலை நாளில் அந்த அழகைத் தாங்கும் தோள் எவருக்கும் இல்லை. ஐந்து நிமிடச் சோதனை இதைக் காட்டாது. அரை மணி நேரச் சோதனை காட்டிவிடும்.

குமட்டலும் தலைச்சுற்றலும் இன்னொரு சாட்சி. 1993இல் ராபர்ட் கென்னடி குழு விமானப் பயிற்சிக் கருவிகளுக்காக உருவாக்கிய 16 அறிகுறிப் பட்டியல்தான் இன்றும் பெரிதும் பயன்படுகிறது. பெண்களுக்குக் குமட்டல் மிகுதி என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். கே ஸ்டானி குழு 2020இல் காட்டியது வேறு. ஹெட்செட்டின் இரு வில்லைகளுக்கு இடையிலான தொலைவு பல பெண்களின் கண்மணி இடைவெளிக்குப் பொருந்தவில்லை. பொருந்தியபோது ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு பெரிதும் மறைந்தது. பெண்ணுடலின் இயல்பு என்று எழுதிவைக்கப்பட்டது, ஆணுடலை அளவாகக் கொண்டு செய்த கருவியின் குறை. சோதனைக்கு அழைத்தவர்களெல்லாம் ஒரே பல்கலைக்கழகத்தின் இளைஞர்களாக இருந்திருந்தால், இந்த உண்மை வெளியே வந்திருக்காது. சராசரி மதிப்பெண் எத்தனை நன்றாக இருந்தாலும், அந்தச் சராசரிக்குள் யார் புதைந்துபோனார் என்று கேட்பதை மதிப்பீட்டாளர் விட்டுவிடக் கூடாது.

கேட்டுப் பெறும் விடைகள்

மெய்நிகர்ச் சூழலில் 'நான் அங்கே இருந்தேன்' என்ற உணர்வை அளக்க வினாப்பட்டியல்களையே பெரும்பாலும் நம்புகிறோம். இந்த நம்பிக்கையை அந்தத் துறையினரே சோதித்துப் பார்த்தார்கள் என்பது அவர்களுடைய நேர்மைக்கு அடையாளம். 2000இல் வெளியான ஓர் ஆய்வில் பத்துப் பேர் உண்மை அலுவலகத்தில் ஒரு பெட்டியைத் தேடினார்கள். வேறு பத்துப் பேர் அதே அலுவலகத்தின் மெய்நிகர்ப் படியில் தேடினார்கள். பிறகு இரு சாராரிடமும் வினாப்பட்டியல்கள் கொடுக்கப்பட்டன. பரவலாகப் பயன்பட்டுவந்த ஒரு பட்டியலால் உண்மை அறையில் இருந்தவரையும் மெய்நிகர் அறையில் இருந்தவரையும் பிரித்தறிய முடியவில்லை. 2004இல் ஸ்லேட்டர் இன்னும் ஒரு படி போனார். நேற்றைய நாள் எவ்வளவு 'வண்ணமயமாக' இருந்தது என்று பங்கேற்றவர்களைக் கேட்டார். அப்படி ஒரு மனநிலை எவருக்கும் முன்பு இருந்ததில்லை. ஆனாலும் எண்கள் வந்தன. அவற்றுக்கும் பிற விடைகளுக்கும் இடையே புள்ளியியல் தொடர்புகளும் தோன்றின. கேட்டால் விடை கிடைக்கும். விடை கிடைத்ததாலேயே, கேட்ட பொருள் மனத்துக்குள் இருந்தது என்று ஆகிவிடாது.

உள்ளத்து உணர்வு உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று தொல்காப்பியம் ஓர் இயலே வைத்து ஆராய்ந்தது. 2002இல் வட கரோலினாவில் மைக்கேல் மீஹன் குழு செய்தது அதே திசையிலான பணி. மெய்நிகர் அறையின் நடுவே ஆழமான பள்ளம். விளிம்பில் நிற்பவரின் இதயத்துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள். காலடியில் ஒன்றரை அங்குல உயர மரப்பலகை ஒன்றை உண்மையாகவே வைத்து, மெய்நிகர் விளிம்பைப் பாதத்தால் உணரச் செய்தபோது அச்சம் கூடியது. அங்கே இருந்தது ஒரு சிறு பலகைதான். ஆனால் வைக்க வேண்டிய இடத்தில் அதை வைத்திருந்தார்கள். வினாப்பட்டியல்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. செய்கை, உடல், சொல் என்ற மூன்று சாட்சிகளும் ஒத்துப்போகும்போதுதான் தீர்ப்பு எழுதலாம் என்கிறேன்.

பித்தப்பை அறுவை தரும் பாடம்

என் வாதத்துக்கு வலுவான சான்று மருத்துவத்திலிருந்து வருகிறது. 2002இல் நீல் சீமோர் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், 16 பயிற்சி அறுவை மருத்துவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவு வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றது. மற்றது கூடுதலாக மெய்நிகர்க் கருவியில் பழகியது. பிறகு அனைவரும் உண்மை நோயாளிகளுக்கு நுண்துளை முறையில் பித்தப்பையைப் பிரித்தெடுத்தனர். யார் எந்தப் பிரிவு என்று அறியாத மதிப்பீட்டாளர்கள் பதிவுகளைப் பார்த்தனர். மெய்நிகர்ப் பயிற்சி பெற்றவர்கள் 29 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். அந்தப் பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பிருந்தது.

அந்தப் பயிற்சிக் கருவியின் திரையில் பித்தப்பை இல்லை, இரத்தம் இல்லை. எளிய கோளங்களும் பெட்டிகளும்தான் இருந்தன. காட்சியை வைத்து இயல்பை மதிப்பிட்டிருந்தால் இந்தக் கருவி தோற்றிருக்கும். ஆனால் மருத்துவர் பிடித்த கைப்பிடிகள் அறுவையில் பிடிக்கும் கைப்பிடிகளையே ஒத்திருந்தன. துளையை அச்சாகக் கொண்டு கை இடப்புறம் போனால் முனை வலப்புறம் போகும் அந்தத் தலைகீழ் அசைவும், தட்டைத் திரையைப் பார்த்து ஆழத்தைக் கணிக்கும் சிரமமும் அப்படியே இருந்தன. கற்க வேண்டிய திறமை எங்கே குடியிருந்ததோ அங்கே உண்மையை வைத்தார்கள். மற்ற இடங்களில் சிக்கனம் செய்தார்கள். பிடிப்பவர் ரசித்தாரா என்று கேட்பதோடு ஆய்வாளர்கள் நிறுத்தவும் இல்லை. பயிற்சியறையில் கற்றது அறுவை அறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். மதிப்பீடு என்ற சொல்லுக்கு முழுப் பொருள் அங்கேதான் கிடைக்கிறது.

எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு, இவையெல்லாம் தொழில்நுட்பத்தின் இளமைக்காலக் குறைகள், உணர்கருவிகள் கூர்மையாகும்போது தாமே தீரும் என்பது. தாமதமும் பின்தொடர்தல் பிழையும் குறைந்துவருவது உண்மை; பத்தாண்டுக்கு முந்தைய சில முடிவுகளை இன்று மறுபடி சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை கூர்மையான கேமராவும் தோள் தசையின் தாங்குதிறனைக் கூட்டாது. சைகைக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறுவதையும் அது தடுக்காது. காற்றில் பிடித்த பொருளுக்கு எடை தராது. இவை பொறியியல் குறைகள் அல்ல, உடலின், மரபின் உண்மைகள். தொழில்நுட்பம் மாறுகிறது என்பது மறுபடி மறுபடி அளக்க வேண்டும் என்பதற்கான காரணமே.

இரண்டாவது மறுப்பு எனக்கு நெருக்கமானது. விசைப்பலகையைக் கண்டு ஒதுங்குகிற முதியவருக்கும், எழுத்தறியாதவருக்கும், கையைப் பயன்படுத்த இயலாதவருக்கும் குரலும் கண்ணும் கதவைத் திறந்துவிடுகின்றனவே. மதிப்பீடு என்ற பெயரில் அந்தக் கதவை அடைக்கலாமா என்று கேட்கலாம். அடைக்கக் கூடாது. முதல் அடியை எளிதாக்குவது பெரிய நன்மை. ஆனால் அந்த நன்மை அவர்களுக்குச் சேர்கிறதா என்று அவர்களையே வைத்துச் சோதிக்காமல் எப்படி அறிவது? முதியவர் பெயரைச் சொல்லி விற்கப்படும் கருவி, இருபது வயதுக்காரர்களை வைத்தே சோதிக்கப்பட்டிருந்தால், அந்தப் பெயர் வெறும் சாக்காகிவிடும். கதவு திறந்ததாகச் சொல்பவர், அதன் வழியே யார் யார் உள்ளே வந்தார்கள் என்றும் காட்ட வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, விளையாட்டிலும் கலையிலும் இன்பமே பயன், விரைவும் பிழையும் அங்கே பொருட்டல்ல என்பது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். கட்டைவிரலால் வேகமாக ஓட்ட முடிந்தாலும், சக்கரத்தைப் பிடித்து ஓட்டும் மகிழ்ச்சிக்காக ஒருவர் அதைத் தேர்ந்தால் அவர் தேர்வு சரி. தரநிலையிலேயே மனநிறைவு மூன்றில் ஒன்றாக நிற்கிறது. ஆனால் முதல் நாள் மகிழ்ச்சியில் புதுமைக்கும் ஒரு பங்கு உண்டு. முப்பதாம் நாளும் அது நிலைத்திருந்தால் அதுதான் கருவி தந்த மகிழ்ச்சி. அளவீடு இன்பத்துக்குப் பகையாகாது. புதுமையின் மினுக்கையும் நிலைக்கும் இன்பத்தையும் பிரித்துக் காட்ட அது உதவும்.

நான்காவது, இத்தனையும் செய்யப் பணம் வேண்டும், சிறு ஆய்வகங்களால் முடியாது என்பது. மீஹன் குழுவின் மரப்பலகை விலை உயர்ந்ததன்று. ஒரே பங்கேற்பாளரை ஒரு வாரம் கழித்து மீண்டும் அழைப்பதற்கும், சைகைக்கு இணையாகச் சாதாரணக் கண்ட்ரோலரையும் ஒப்பீட்டுக்கு வைப்பதற்கும், வேண்டாத கட்டளைகளை எண்ணுவதற்கும், கண்மணி இடைவெளியை ஓர் அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்வதற்கும் பெருஞ்செலவில்லை. பொறுமை வேண்டும், தனக்கு எதிரான முடிவையும் அச்சேற்றும் துணிவு வேண்டும்.

நம் ஆய்வகங்களுக்கு

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மெய்நிகர்க் கருவிகள் பெரும்பாலும் வேறு நாடுகளில் வடிவமைக்கப்பட்டு இங்கே வருகின்றன. அவற்றோடு, எது இயல்பான கை, எது இயல்பான தலையசைப்பு, எது இயல்பான அறை அளவு என்ற முடிவுகளும் சேர்ந்தே வருகின்றன. அவற்றை நம்மவர் உடலில், நம் வீடுகளில், நம் வேலைகளில் வைத்துச் சோதிக்கும் பொறுப்பு நம்முடையது. அந்தச் சோதனையில் யாரை அழைத்தீர்கள், எந்த வேலையைக் கொடுத்தீர்கள், எவ்வளவு நேரம் செய்யவிட்டீர்கள், எதனோடு ஒப்பிட்டீர்கள், கற்றது வெளியே போய்ப் பயன்பட்டதா என்ற ஐந்துக்கும் விடை எழுதிவைத்துவிட்டு, அதன் பிறகு 'இயல்பு' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்.

கையெழுத்து இயல்பாக வந்ததன்று. அரிசியில் விரல் பிடித்து எழுதவைத்த நாளில் அது அயலான செயல்தான். பழகிய பிறகு, எழுதுகோல் கையில் இருப்பதையே மறந்துவிட்டு நினைப்பதை எழுதுகிறோம். ஒரு கருவி இயல்பாகிவிட்டது என்பதற்கு அந்த மறதியே அடையாளம். அந்த இடத்துக்கு எத்தனை நாளில், எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள், வழியில் யார் விடுபட்டுப் போனார்கள் என்று எண்ணிச் சொல்வதே மதிப்பீட்டாளரின் பணி.